முழங்கால் வலியும் தோள் எரிச்சலும்: இதை முதலில் மாற்றிப் பாருங்கள்

வணக்கம். ஜான் ஜுவாங் என்ற சீனப் பயிற்சிக்காக, மரத்தைக் கட்டிப்பிடிப்பதுபோல் கைகளை வைத்துத் தினமும் 20 நிமிடம் அசையாமல் நிற்கிறீர்கள், தோள் எரிகிறது, முழங்கால் வலிக்கிறது, மனமோ கடிகாரத்தையே சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் முழங்கால். தொடை நடுங்குவது வேறு, மூட்டு வலிப்பது வேறு. நடுக்கம் வரும், போகும். மூட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். நீங்கள் அதிகமாக மடக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். விறைத்த முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தினாலே போதும். குனிந்து பார்த்தால் கால்விரல்கள் தெரிய வேண்டும். முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது.

அப்புறம் தோள். அக்குளில் ஒரு எலுமிச்சம்பழம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நசுங்கவும் கூடாது, விழவும் கூடாது. முழங்கை மணிக்கட்டைவிடத் தாழ்ந்தே இருக்கட்டும். சுவரில் விழுந்த என் நிழலில் தோள் காதுவரை ஏறியிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கே இது பிடிபட்டது.

சீனத்தில் ஜான் ஜுவாங் என்றால் நட்ட கம்பம்போல் நிற்பது. யீசுவான் என்ற சீனத் தற்காப்புக் கலையை உருவாக்கிய வாங் சியாங்சாய் இந்த நிலையைத்தான் தன் பயிற்சிக்கே அடித்தளமாக வைத்தார். அதற்காக எடுத்த எடுப்பில் 20 நிமிடம் வேண்டாம். ஒரு வாரம் கைகளைத் தொங்கவிட்டு 5 நிமிடம் மட்டும் நில்லுங்கள். மூச்சு அதன் போக்கில் போகட்டும். மனம் ஓடினால், எடை குதிகாலில் விழுகிறதா, பெருவிரலின் அடியிலா என்று மட்டும் கவனியுங்கள். அலாரம் வைத்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வையுங்கள். அதன் பிறகும் மூட்டு வலி இருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.