சாவா மருந்து

கேள்வி: எங்கள் சபையில் திருவிருந்து (ஆராதனையில் அப்பமும் திராட்சைரசமும் பெறுவது) எடுத்ததும் நோய் தீர்ந்தது என்று இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். அதிலிருந்து என் அம்மா, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். திருவிருந்து உண்மையிலேயே மருந்துதானா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மாத்திரையை நிறுத்தக் கூடாது, ஒரு வேளைகூட. சாட்சி சொன்னவர்களைப் பொய்யர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அம்மாவின் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். அப்போஸ்தலன் பவுலின் கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர். 'பிரியமான வைத்தியன்' என்றுதான் பவுல் அவரை எழுதுகிறார்.

சரி, 'மருந்து' என்று கேட்டுவிட்டீர்கள். அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

திருவிருந்தை முதலில் மருந்து என்று எழுதியவர்களில் ஒருவர் அந்தியோகியா சபையின் ஆயர் இஞ்ஞாசியார். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம். கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்படுகிற வழியில் எபேசு சபைக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். நாம் பிட்கிற ஒரே அப்பம் சாவாமைக்கு மருந்து என்கிறார். எழுதுகிற மனிதருக்கு ரோமாபுரியில் தன்னை மிருகங்களுக்குப் போடப்போகிறார்கள் என்பது தெரியும். ஆயுசு கூடும் என்ற அர்த்தத்தில் அவர் அதை எழுதியிருக்க முடியாது.

இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதே சொல் நம்மிடம் திருக்குறளில் இருக்கிறதே! 'விருந்து புறத்ததாத் தானுண்டல் சாவா மருந்தெனினும் வேண்டற்பாற் றன்று.' வந்தவர் வெளியே இருக்க, சாவா மருந்தே ஆனாலும் தனியாக உண்ணாதே. விருந்தையும் மருந்தையும் ஒரே குறளில் வைத்துவிட்டார் வள்ளுவர். அதனால்தான் 'இராப்போஜனம்' என்ற அதன் இன்னொரு பெயரைவிடத் 'திருவிருந்து' என்ற சொல்லை நான் விரும்புகிறேன். விருந்து என்றாலே இன்னொருவர் வேண்டும்.

பவுல் கடிதம் எழுதிய கொரிந்து சபையின் திருவிருந்தில் நடந்த தப்பும் இதுதான். வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட்டார்கள். 'ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்' என்று பவுல் கொதிக்கிறார். உங்களில் அநேகர் வியாதியாயிருப்பது இதனால்தான் என்று அதே அதிகாரத்தில் சொல்கிறார். அந்த வியாதிக்கு அவர் எழுதிக்கொடுத்த சீட்டு ஒரே வரி: 'ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.' அங்கே வருகிற 'அபாத்திரமாய்' (தகுதியில்லாமல்) என்ற சொல்லுக்குப் பயந்து, தன் அந்தரங்கப் பாவத்தை எண்ணிக்கொண்டு பின்வரிசையிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. பவுல் அதட்டியது அவர்களையா? இல்லாதவனை வெட்கப்படுத்தியவனை அல்லவா அதட்டினார்!

அப்புறம், நான் பழைய பாட்டைப் பாடாமல் இருக்கமாட்டேன் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். நம் சபைகளில் சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்து, சாதி வரிசைப்படி திருவிருந்துப் பந்திக்குப் போனார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, உடனே விடுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஏராளமானோர் சபையைவிட்டே வெளியேறினார்கள். சாவா மருந்து கையில் கிடைத்தும், பக்கத்தில் நிற்பவனோடு குடிக்க மனமில்லை. கத்தோலிக்கர்களின் வடக்கன்குளத்தில் கோயிலுக்கு நடுவே சுவரே இருந்தது. அது 1910 வாக்கில்தான் இடிந்தது. இதை எழுதும்போதெல்லாம் கோபமாகக் கடிதங்கள் வருகின்றன. வரட்டும். கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை இருக்கிறவரை எழுதுவேன்.

என் ஆச்சி கடைசி நாட்களில் படுக்கையில் கிடந்தார். ஐயர், அதாவது சபைப் போதகர், சின்னப் பெட்டியில் திருவிருந்து அப்பமும் திராட்சைரசமும் கொண்டுவந்தார். அப்பத்தைப் பிட்கப்போகும்போது ஆச்சி, "பொறுங்க ஐயா" என்றார். சொத்துத் தகராறில் பதினோரு வருஷமாகப் பேசாமலிருந்த தங்கச்சியைக் கூட்டிவரச் சொன்னார். அடுத்த தெருதான். ஆனாலும் அவர் வர முக்கால் மணி நேரம் ஆனது. ஐயர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தில் குடித்தார்கள். ஆச்சி அடுத்த மாதம் இறந்துபோனார். அந்த ஒரு மாதமும் கஞ்சி ஊட்டியது சின்னாச்சிதான்.

அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். திருவிருந்து ஞாயிறு அன்று நம் பக்கத்தில் பலர் வெறும் வயிற்றோடு கோயிலுக்குப் போவார்கள். அவர் அப்படிப் போக வேண்டாம். மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். கத்தோலிக்கச் சபையே முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இந்த நோன்பிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு போகட்டும்.