டிராகன் வாங்கும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அறிவியல் புனைவு, ஃபேன்டஸி நாவல்கள் வாங்குவது பற்றியவை. மிக்சி, மெத்தை வாங்குவது பற்றிய கேள்விகள் அடுத்த முறை.

கேள்வி: கல்லூரிக் காலத்தில் அசிமோவ், ஆர்தர் கிளார்க் என்று அறிவியல் புனைவுகளைத் தேடித் தேடி வாசித்தவன். வேலை, குடும்பம் என்று விட்டுப்போயிற்று. மறுபடியும் தொடங்க ஆசை. இந்த வகை ரசிகர்கள் இப்போது எதை விரும்பிப் படிக்கிறார்கள்? 2,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். 'கட்டாயம் வாசிக்க வேண்டிய 50' போன்ற பட்டியல்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. (வாசகர், திருச்சி)

பதில்: பட்டியலை மூடிவையுங்கள். அதில் உள்ள இணைப்பைத் தொட்டு நீங்கள் வாங்கினால் பட்டியல் போட்டவருக்குக் கமிஷன் கிடைப்பது வழக்கம். அதனால்தான் பட்டியல் ஐந்தோடு நிற்காமல் ஐம்பதாக நீள்கிறது.

அசிமோவும் கிளார்க்கும் பிடித்தவருக்கு முதல் புத்தகம் ஆண்டி வியரின் 'ப்ராஜெக்ட் ஹெயில் மேரி' (2021). ஒருவன் விண்கலத்தில் கண்விழிக்கிறான். தன் பெயர்கூட நினைவில்லை. உடன் வந்த இருவரும் இறந்துகிடக்கிறார்கள். எங்கே இருக்கிறோம் என்று அறிய அவன் முதலில் செய்வது பள்ளிக்கூடச் சோதனை: ஒரு பொருளைக் கீழே விழவிட்டு நேரத்தை அளக்கிறான். கணக்குப் போட்டால் ஈர்ப்பு பூமியில் இருப்பதைவிட அதிகமாக வருகிறது. வயிற்றில் புளி கரைகிறது, அவனுக்கும் நமக்கும். நாவல் முழுக்க இதே ருசிதான். இது படமாகவும் எடுக்கப்பட்டிருக்கிறது. முன்னோட்டத்தை நீங்கள் பார்க்கவில்லை என்றால் பார்க்காமலே வாசியுங்கள். நடுவில் வரும் பெரிய திருப்பத்தை முன்னோட்டமே போட்டு உடைத்துவிடுகிறது.

அடுத்தது, மார்த்தா வெல்ஸின் 'மர்டர்பாட்' கதைகள். காவல் வேலைக்கு வைக்கப்பட்ட இயந்திர மனிதன் தன்னைக் கட்டுப்படுத்தும் கருவியைத் தானே முடக்கிவிடுகிறான். சுதந்திரம் கிடைத்தபின் அவன் செய்வதெல்லாம், யாருக்கும் தெரியாமல் தொடர் நாடகம் பார்ப்பதுதான். மனிதர்கள் பேச வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். முதல் கதை 2017-இல் வந்து, இந்த வகை எழுத்துக்கான பெரிய விருதுகளான ஹியூகோ, நெபுலா இரண்டையும் வாங்கியது. 2025-இல் ஆப்பிள் டிவியில் தொடராகவும் வந்தது.

இங்கே பர்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையில் பல கதைகள் குறுநாவல்கள். 150 பக்கம் சொச்சம் உள்ள மெல்லிய புத்தகத்துக்கு, கெட்டி அட்டை போட்டு முழு நாவல் விலை வைக்கிறார்கள். இப்போது இரண்டிரண்டு கதைகளைச் சேர்த்து ஒரே தொகுதியாகவும் வெளியிட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். முதல் தொகுதியில் 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்', 'ஆர்ட்டிஃபிஷியல் கண்டிஷன்' இரண்டும் இருக்கும். ஏற்கெனவே ஒன்றைத் தனியாக வாங்கியவர்கள் தொகுதியையும் வாங்கி, ஒரே கதைக்கு இரண்டு முறை காசு கொடுக்க வேண்டாம்.

துப்பறியும் கதைகளும் பிடிக்கும் என்றால் ராபர்ட் ஜாக்சன் பென்னட்டின் 'தி டெய்ன்டட் கப்'. 2025-இல் சிறந்த நாவலுக்கான ஹியூகோ இதற்குத்தான். ஓர் அதிகாரியின் உடலைக் கிழித்துக்கொண்டு மரம் முளைக்கிறது, அது கொலை. கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும் கிறுக்குப் பிடித்த பெண் துப்பறிவாளரும், பார்த்ததை மறக்காத அவருடைய உதவியாளனும் விசாரிக்கிறார்கள். முடிச்சு அந்த நூலிலேயே அவிழ்கிறது. விருது பெற்றதெல்லாம் கடினமாக இருக்கும் என்ற பயம் இதற்குத் தேவையில்லை.

கொஞ்சம் மெனக்கெட்டு வாசிக்கத் தயார் என்றால் இலங்கை எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் 'தி செய்ன்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' (2023). தந்தையைக் கொல்வதற்காகவே தாயால் வளர்க்கப்பட்ட ஒருவன். அந்தத் தந்தையோ உலகமே வணங்கும் ஞானி. நெபுலா பெற்ற நாவல். தெற்காசிய அரசியல் தெரிந்தவருக்கு அதில் வரும் நகரமும் கலவரமும் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் ரயிலில் வாசிக்கும் புத்தகம் அல்ல.

உங்கள் 2,000 ரூபாய்க்கு வியர் ஒன்று, 'மர்டர்பாட்' முதல் தொகுதி ஒன்று. இரண்டையும் முடித்தபின் மிச்சத்தை யோசியுங்கள். வாங்கி அடுக்குவது வேறு நோய், அதற்கு இந்தப் பகுதியில் மருந்து இல்லை.

கேள்வி: பிராண்டன் சாண்டர்சனின் 'தி வே ஆஃப் கிங்ஸ்' நாவலை ஆன்லைனில் வாங்கினேன். முதல் பக்கத்திலிருந்தே யார் யார் என்று புரியவில்லை. ஃபேன்டஸி அப்படித்தான் போலும் என்று பொறுமையாக எண்பது பக்கம் வாசித்தேன். பிறகுதான் அட்டையின் கீழே பொடி எழுத்தில் 'பார்ட் டூ' என்று இருப்பதைப் பார்த்தேன். பிரித்த புத்தகத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்கிறார் விற்பனையாளர். (வாசகர், கோவை)

பதில்: எண்பது பக்கம் தாக்குப்பிடித்தீர்களே, அதற்கே ஒரு பாராட்டு.

ஒரு தொடரின் முதல் நூலான அந்த நாவல் ஆயிரம் பக்கத்துக்கு மேல். அமெரிக்காவில் ஒரே புத்தகமாக வருகிறது. பிரிட்டனில் கோலன்ட்ஸ் நிறுவனம் மெல்லட்டைப் பதிப்பை இரண்டு புத்தகமாகப் பிரித்து வெளியிடுகிறது. நம் ஊர்க் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் இந்தப் பிரிட்டிஷ் பதிப்பே. அந்தத் தொடரின் அடுத்தடுத்த நூல்களுக்கும் இதே கதைதான். ஆகவே 'முதல் நூல்', 'இரண்டாம் நூல்' என்ற எண் வேறு, 'பார்ட் ஒன்', 'பார்ட் டூ' வேறு. விலையை ஒப்பிடும்போதும் இதை மறக்காதீர்கள். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று மகிழ்ந்தால், கிடைப்பதும் பாதிக் கதைதான்.

இனி உங்கள் வழக்கு. வாங்கிய பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள். தலைப்பிலோ விவரத்திலோ 'பார்ட் டூ' என்று எங்குமே இல்லை என்றால் உடனே அதைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள், நாளைக்கே திருத்திவிடக்கூடும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் விற்பனையாளர் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது. 'பிரித்தாயிற்று' என்பது பதில் ஆகாது. பிரிக்காமல் எப்படித் தெரியும்? தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்பது விதி. அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு நாவலுக்காக அதுவரை போவதா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

மாறாக, விற்பனைப் பக்கத்தில் தலைப்பிலேயே 'பார்ட் டூ' என்று தெளிவாக இருந்திருந்தால் உங்கள் பக்கம் வலு இல்லை. பேசாமல் முதல் பாதியை வாங்கிவிடுங்கள். வாங்கும் முன் ஒன்று: பத்து நூல்களாகத் திட்டமிட்ட தொடர் அது. 2010-இல் தொடங்கி, 2024 டிசம்பரில் ஐந்தாவதுதான் வந்திருக்கிறது. அவ்வளவு தூரம் நடக்க விருப்பமில்லாதவர்கள் அவருடைய 'மிஸ்ட்பார்ன்' முதல் மூன்று நூல்களோடு நின்றுகொள்ளலாம். 2006-இல் தொடங்கி 2008-இல் அந்தக் கதை முடிந்துவிடுகிறது.

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் 'ஃபோர்த் விங்' வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். டிராகன் கதைதானே, வாங்கித் தரலாமா? (வாசகி, மதுரை)

பதில்: வேண்டாம் அம்மா, இப்போது வேண்டாம்.

டிராகன் இருக்கிறது, போர்ப் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது, விறுவிறுப்பும் இருக்கிறது. ஆனால் ரெபெக்கா யாரோஸின் இந்த நாவல் (2023) பெரியவர்களுக்கு எழுதப்பட்டது. காதலும் ஃபேன்டஸியும் கலந்த 'ரொமான்டஸி' என்ற வகை. படுக்கையறைக் காட்சிகள் ஒளிவுமறைவின்றி, பக்கக்கணக்கில் வரும். இந்த வகைக்கு இப்போது இருக்கும் கிராக்கி சாதாரணமல்ல: இதே தொடரின் மூன்றாவது நூல் 2025 ஜனவரியில் வந்த முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் விற்றது. உங்கள் மகளின் தோழிகள் பேசிக்கொள்வதில் வியப்பில்லை.

சிக்கல் அட்டையில்தான். பூ வேலைப்பாடு, பொன்னிற எழுத்து என்று பார்த்தால் குழந்தைகள் புத்தகம் போலவே இருக்கும். கடைக்காரரும் சிறுவர் அலமாரிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார். சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' 2015-இல் பதின்பருவத்தினருக்கான நூலாகவே விற்கப்பட்டது. பின்னர்தான் பெரியவர்களுக்கான அட்டைக்கு மாறியது. பழைய பிரதி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

டிராகன்தான் ஆசை என்றால் நவோமி நோவிக்கின் 'டெமரேர்' (2006) வாங்கிக் கொடுங்கள். நெப்போலியன் காலத்துப் போரில் டிராகன்கள் விமானப்படையாகப் பறக்கின்றன. முட்டையிலிருந்து வந்த கையோடு பேசத் தொடங்கும் டிராகனுக்கும் அதன் கப்பல் தலைவனுக்கும் உள்ள நட்பு அவ்வளவு அழகு. ஓர் எச்சரிக்கை: பிரிட்டனில் 'டெமரேர்' என்ற பெயரிலும் அமெரிக்காவில் 'ஹிஸ் மெஜஸ்டிஸ் டிராகன்' என்ற பெயரிலும் வந்தது ஒரே புத்தகம். இரண்டையும் வாங்கி வைத்துவிடாதீர்கள். இன்னும் எளிமையாக, இன்னும் ஆழமாக வேண்டும் என்றால் அர்சுலா லெ குவினின் 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' (1968).

கேள்வி: லியு சிசினின் 'தி த்ரீ-பாடி ப்ராப்ளம்' வாங்கினேன். 96-ஆம் பக்கத்துக்கு அடுத்து 113 வருகிறது. போலிப் பிரதியா? (வாசகர், வேலூர்)

பதில்: அப்படி முடிவுகட்ட முடியாது. சரியாக 16 பக்கம் காணவில்லை என்றால் அது ஒரு பாரம். பெரிய தாளில் அச்சடித்து மடித்துச் சேர்க்கும்போது ஒரு பாரம் விடுபடுவது அசல் பதிப்பிலும் நடக்கும். வேறொரு பாரம் இரண்டு முறை சேர்ந்திருக்கிறதா என்றும் புரட்டிப் பாருங்கள். மாற்றித் தருவது விற்றவரின் கடமை. பதிப்பாளருக்குப் படம் எடுத்து அனுப்பினாலும் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

போலியை வேறு விதமாகக் கண்டுபிடிக்கலாம். எழுத்துகள் சாம்பல் பூத்து, நகலெடுத்ததுபோல் இருக்கும். பக்க ஓரம் கோணலாக ஓடும். அட்டைப் படத்தில் கூர்மை இருக்காது. தாள் வழியே மறுபக்கம் தெரியும். நடைபாதையில் வாங்கியிருந்தால் ரசீது இருக்காது, ஆகவே சட்டம் பேசவும் வழி இல்லை.

கேள்வி: இடமில்லாத வீடு. எல்லாவற்றையும் அமேசானின் மின்நூல் கருவியான கிண்டிலிலேயே வாங்கிவிடலாமா? (வாசகி, சென்னை)

பதில்: ஒரு முறை வாசித்து விட்டுவிடும் நூல்களுக்கு அதுவே நல்லது. பத்து நூல் தொடர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கும் வசதி கண்ணுக்கும் இதம். ஆனால் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தும்போது உங்களுக்குக் கிடைப்பது வாசிக்கும் உரிமம். 2009-இல் ஆர்வெல்லின் '1984' மின்நூலை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் நீக்கியது. பணம் திரும்பி வந்தது, புத்தகம் போயிற்று. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யு.எஸ்.பி. வழியே மாற்றும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். எனவே மறுபடி மறுபடி வாசிப்பீர்கள் என்று தெரிந்த நூலைத் தாளில் வாங்குங்கள். 'மர்டர்பாட்' கதைகளை வெளியிடும் டார் நிறுவனம் 2012 முதல் தன் மின்நூல்களை, நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாமல் விற்கிறது. இந்தத் துறையில் அது அபூர்வம்.

கேள்வி: 'டன்ஜன் க்ராலர் கார்ல்' பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். புத்தகமா, ஒலிநூலா? (வாசகர், சேலம்)

பதில்: ஒலிநூல். மாட் டின்னிமன் 2020-இல் தானே வெளியிட்ட நாவல் இது. வாசகர்கள் வாய்வழியாகவே பரப்பிய பிறகு 2024-இல் பெரிய நிறுவனம் கெட்டி அட்டையில் கொண்டுவந்தது. பூமியை இடித்துத் தள்ளிவிட்டு, பிழைத்தவர்களை 18 அடுக்குச் சுரங்கத்தில் விட்டு, அதை வேற்றுக்கிரகவாசிகள் தொலைக்காட்சியில் ரசிக்கிறார்கள். கால்சட்டைகூட இல்லாமல் வந்த நாயகன் கார்லோடு மாட்டிக்கொள்வது அவனுடைய முன்னாள் காதலியின் பூனை. அது பேசவும் தொடங்கிவிடுகிறது. ஜெஃப் ஹேஸ் ஒருவரே இத்தனைக்கும் குரல் கொடுக்கிறார், அந்தப் பூனையின் அலட்டலுக்காகவே கேட்கலாம். ரத்தமும் கெட்ட வார்த்தையும் தாராளம், வீட்டில் ஒலிபெருக்கியில் போடாதீர்கள்.

கேள்வி: ஜூல் வெர்னின் 'ட்வென்டி தவுசண்ட் லீக்ஸ்' 99 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: வெர்ன் 1905-இல் இறந்தார். நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகளில் பதிப்புரிமை முடிந்துவிடும் என்பதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதுதான் வினையே. மலிவுப் பதிப்புகள் பலவற்றில் இருப்பது 1870-களில் லூயிஸ் மெர்சியர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. மூலத்தில் கிட்டத்தட்ட கால்வாசியை வெட்டிவிட்டார். வெர்ன் ஆசையாக எழுதிய அறிவியல் பகுதிகள்தான் அதிகம் பலியாயின.

கடையிலேயே சோதிக்கலாம். இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். பேராசிரியர் நெப்ராஸ்காவின் 'டிஸ்அக்ரீயபிள் டெரிட்டரி'யிலிருந்து திரும்பியதாக இருந்தால் அது மெர்சியர். 'பேட்லேண்ட்ஸ்' என்ற நிலப்பகுதியைத்தான் அவர் அப்படி ஆக்கிவைத்தார். எஃப். பி. வால்டர் செய்த முழுமையான மொழிபெயர்ப்பு, இலவச மின்நூல்கள் தரும் குட்டன்பர்க் இணையதளத்தில் கிடைக்கிறது. அதே தளத்தில் மெர்சியருடையதும் இருக்கிறது, எனவே இறக்கும் முன் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 99 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும்.