காமாலைக்கு மஞ்சள் கரிசலாங்கண்ணி போதுமா?

கேள்வி: வயது 34. சேரன்மகாதேவிப் பக்கம் விவசாயம் பார்க்கிறேன். நாலு நாள் காய்ச்சலுக்குப் பிறகு கண் மஞ்சளாகிவிட்டது. ஆச்சி வாய்க்கால் கரையில் மஞ்சள் கரிசலாங்கண்ணி பறித்துவந்து, பச்சையாக அரைத்து மோரில் கலந்து தருகிறார். இதுவே போதுமா? செடியின் படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: முதலில் அந்தப் படம். இலையைப் பாருங்கள்: பளபளப்பாக, இரண்டு பக்கமும் பல் பிதுங்கினாற்போல மூன்று மடலாக இருக்கிறது. அது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை. அமெரிக்கப் பக்கமிருந்து அழகுக்காகக் கொண்டுவந்து, தோட்டத்தை விட்டு வெளியே படர்ந்துவிட்ட அதன் பங்காளிச் செடி. நம் செடியின் இலை ஒடுங்கி நீண்டு, தடவினால் சொரசொரக்கும், மடல் பிரியாது. பூ இரண்டிலும் குட்டிச் சூரியகாந்தி மாதிரி மஞ்சள்தான், ஆச்சியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

சரி, அசல் செடியே கிடைத்தால்? சித்த மருத்துவத்தில் ஈரலுக்கு வழிவழியாகக் கொடுப்பதுதான். நன்றாகக் கழுவி வேகவைத்துக் கீரையாகச் சாப்பிட்டால் எனக்கு மறுப்பில்லை. பச்சையாக அரைப்பதுதான் இடிக்கிறது. ஈரலைத் தாக்கிக் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ கிருமி மலம் கலந்த தண்ணீரில்தான் வருகிறது. வாய்க்கால் கரை இலையில் அதுவே ஒட்டியிருக்கலாம்.

அந்த வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அப்போது எதைக் குடித்துக்கொண்டிருந்தோமோ, குணமாக்கிய பேர் அதற்குப் போய்விடும். உங்கள் விஷயத்தில் எனக்கு உறுத்துவது வேறு. வயலில் இறங்குகிறவருக்குக் காய்ச்சலோடு காமாலை என்றால் எலிக்காய்ச்சலையும் பார்க்க வேண்டும். எலி மூத்திரம் கலந்த சேற்றிலிருந்து, கால் வெடிப்பு வழியாகவே கிருமி ஏறிவிடும். கெண்டைக்கால் தொடமுடியாமல் வலித்ததா? கண் சிவந்ததா? அதற்கு ஆன்டிபயாடிக் உண்டு. தாமதித்தால் சிறுநீரகம் கெடும்.

இன்றே போய் ரத்தம் கொடுத்து பிலிரூபின் (காமாலையின் அளவு), ஈரல் என்சைம், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலை), ரத்தம் உறையும் நேரம் எல்லாம் பாருங்கள். காய்ச்சலுக்குப் போட்ட பாரசிட்டமால் உட்பட எல்லா மாத்திரை அட்டையையும் கொண்டுபோங்கள். பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஈறில் ரத்தம் வந்தாலோ, மூத்திரம் குறைந்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வீட்டில் யாராவது மாசமாக இருந்து அவர்களுக்கும் கண் மஞ்சளானால் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது.

அப்புறம், உப்பில்லாப் பத்தியம் வேண்டாம். சாராயம், பிராந்தி அறவே கூடாது. ஆச்சியின் மோரை இலை சேர்க்காமல் தாராளமாகக் குடியுங்கள்.