கேளுங்க சொல்றோம்: டெபியன்ல ரூல் போடுறது யாரு?

கேள்வி: சார், லேப்டாப்ல டெபியன் 12ங்கற லினக்ஸ் ஓஎஸ் போட்டிருக்கேன். பைத்தான் லைப்ரரி ஒண்ணு வேணும்னு பிப் இன்ஸ்டால் அடிச்சா "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்"னு எர்ரர் அடிச்சு தள்ளிவிடுது. என் மெஷின், என் பாஸ்வேர்ட், என்னையே தடுக்க இவங்க யாரு?
- கல்லூரி மாணவர், திருப்பூர்

பதில்: கோவம் புரியுது தம்பி. ஆனா அந்த லேப்டாப்ல பைத்தான் உங்க ப்ராஜெக்டுக்கு மட்டும் இல்ல, சிஸ்டத்தோட சொந்த டூல்ஸ் பலதும் அதுலதான் ஓடுது. சூடோ (அட்மின் அதிகாரம்) போட்டு பைத்தானோட இன்ஸ்டாலர் பிப்ல இறக்குனா அது யூஎஸ்ஆர் லோக்கல்ங்கற ஃபோல்டர்ல போய் உக்காரும், பைத்தான் ஆப்ட் (டெபியனோட சொந்த இன்ஸ்டாலர்) வச்ச லைப்ரரிய பாக்குறதுக்கு முன்னாடி அங்கதான் தேடும், உங்க புது வெர்ஷன் பழைய டூலுக்கு ஒத்து வரலேன்னா அது படுத்துடும், ஆப்ட்டுக்கோ நடந்தது எதுவுமே தெரியாது. இத தடுக்க வழி சொன்னதே பைத்தான்காரங்கதான், அவங்க எழுதுன அந்த முன்மொழிவுக்கு பெப் 668னு பேரு. 2023 ஜூன்ல வந்த டெபியன் 12 அத அப்படியே எடுத்துக்கிச்சு. நீங்க வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (உங்க ப்ராஜெக்டுக்குன்னு தனி பைத்தான் இடம்) ஒண்ணு போட்டு அதுக்குள்ள என்ன வேணா பண்ணுங்க, யாரும் கேக்க மாட்டாங்க.

கேள்வி: இந்த மாதிரி ரூல எல்லாம் மேல உக்காந்து யாராச்சும் முடிவு பண்றாங்களா? கம்பெனி கூட கிடையாதே?
- வாசகி, மதுரை

பதில்: மேலன்னு ஒரு இடமே இல்லங்க, எல்லாம் வாலண்டியர்ஸ்தான். "டெபியன் பாலிசி"னு ஒரு கையேடு இருக்கு, அதுவும் மத்த சாஃப்ட்வேர் மாதிரியே ஒரு பேக்கேஜ்தான். எதையாவது மாத்தணும்னா அது மேலயே ஒரு பக் ரிப்போர்ட் போடணும், வாசகத்த எழுதிக் குடுக்கணும், வேற டெவலப்பர்கள் வழிமொழியணும். எனக்கு இதுல புடிச்சதே என்னன்னா, பெரும்பாலும் நடைமுறைல ஓடி நின்ன விஷயத்ததான் ரூலா எழுதுவாங்க, ரூல் எழுதிட்டு ஊரையே மாறச் சொல்றது ரொம்ப கம்மி. (நம்ம ஆபீஸ் சர்க்குலர் எழுதுறவங்க கவனிக்க.)

ரூல்லயும் தரம் உண்டு. "மஸ்ட்"னு இருக்கறத மீறுனா அந்த பேக்கேஜ் ரிலீஸ்ல இருந்தே வெளிய போகலாம், "ஷுட்"னா பக்தான், ஆனா அதுக்காக தூக்க மாட்டாங்க. எட்சி ஃபோல்டர்ல ஒரு கான்ஃபிக் (செட்டிங்ஸ்) ஃபைல நீங்க கையால மாத்தி வச்சிருக்கீங்க, அப்கிரேடுல அதுக்கு புதுசு ஒண்ணு வருது, உடனே உன்னோடத வச்சுக்கவா புதுசு போடவான்னு டிபிகேஜி (பேக்கேஜ மெஷின்ல ஏத்துற டூல்) நின்னு கேக்கும், சும்மா என்டர் தட்டுனா உங்களோடதுதான் நிக்கும். நீங்க செஞ்ச மாற்றத்த அப்கிரேடு அழிக்கக்கூடாதுங்கறது ஒரு மஸ்ட், அதனாலதான் அந்த கேள்வியே வருது.

இன்னொண்ணு, அடுத்தவன் லைப்ரரிய காப்பி பண்ணி நம்ம பேக்கேஜுக்குள்ள திணிச்சு அனுப்பாதீங்கன்னு சொல்லுவாங்க. டெவலப்பர்களுக்கு இது மேல செம கடுப்பு. ஆனா 2002ல இசட்லிப்ங்கற கம்ப்ரெஷன் லைப்ரரில செக்யூரிட்டி ஓட்டை தெரிஞ்சப்போ, அத உள்ள காப்பி அடிச்சு வச்சிருந்த சாஃப்ட்வேர ஒவ்வொண்ணா தேடிப்புடிச்சு சரி பண்ண வேண்டியிருந்துச்சு. பொதுவா ஒரே இடத்துல இருந்தா ஒரு அப்டேட்டோட வேலை முடிஞ்சிருக்கும்.

சண்டை முத்துனா டெவலப்பர்கள்ல சிலர் இருக்கற டெக்னிக்கல் கமிட்டிக்கு போகும். மெஷின் ஆன் ஆனதும் மத்த எல்லாத்தையும் ஸ்டார்ட் பண்ற சிஸ்டம்டிய டீஃபால்ட்டா வைக்கலாமான்னு 2014ல அங்க ஓட்டு சமமா பிரிஞ்சு தலைவரோட ஓட்டுலதான் முடிவாச்சு, அதுக்கப்புறமும் சண்டை ஓயல, 2019ல எல்லா டெவலப்பரையும் கூப்ட்டு திரும்ப ஓட்டெடுத்தாங்க.

கேள்வி: "நல்லதுக்கு மட்டும் யூஸ் பண்ணு, கெட்டதுக்கு பண்ணாத"ன்னு லைசென்ஸ்ல இருந்தா டெபியன் ஏத்துக்காதாமே, நிஜமா?
- வாசகர், கோவை

பதில்: நிஜம்தான். ஜேசன்ங்கற டேட்டா ஃபார்மேட்டுக்கான கோடோட வந்த ஜேசன் லைசென்ஸ்ல அப்படி ஒரு வரி இருக்கு. எந்த வேலைக்கு யூஸ் பண்ணலாம்னு லைசென்ஸ் பாகுபாடு பாக்கக்கூடாதுன்னு டெபியன்காரங்க 1997லயே எழுதி வச்சுட்டாங்க, எது கெட்டதுன்னு கோர்ட்ல எவன் அளக்குறது? அந்த வரியாலயே பிஹெச்பிங்கற வெப் புரோகிராமிங் மொழியோட ஜேசன் எக்ஸ்டென்ஷன தூக்கிட்டு வேற ஒண்ணு வச்சாங்க. அப்போ நெறைய பேரு சிரிச்சாங்க. பிஹெச்பி 7 வந்தப்போ பிஹெச்பிகாரங்களே பழைய கோட தூக்கிட்டு புதுசு போட்டுட்டாங்க.