வீட்டு வெளிப்பூச்சு தூணும் செங்கலும் சேர்ற எடத்துல வெடிச்சிருக்கு, பெயிண்டுக்கு குடுத்த 7 வருஷ வாரண்டி இதுக்கு செல்லுமா?

செல்லாதுங்க. உங்க கையில இருக்கற 7 வருஷ வாரண்டி பெயிண்ட் கம்பெனி குடுத்தது, அது பொதுவா பெயிண்ட் உரியறதுக்கும் கொப்பளிக்கறதுக்கும்தான், பெயிண்டுக்கு அடியில இருக்கற சிமெண்ட் பூச்சு வெடிச்சா காண்ட்ராக்டர் எழுதிக் குடுத்த அக்ரிமெண்ட்தான் பேசும்.

தூணும் செங்கலும் சேர்ற எடத்துல நேர்கோடா வெடிப்பு எறங்குதுன்னு சொல்றீங்க, அப்ப அங்க கோழிவலை (பூச்சு வெடிக்காம பிடிச்சுக்கற கம்பி வலை) வைக்காம பூசியிருக்க வாய்ப்பு அதிகம். நம்ம கிருஷ்ணகிரி வெயிலுக்கு பூச்சை 7 நாளாவது நனைக்கணும், ரெண்டே நாள்ல விட்டுடறாங்க, அதுவும் சேர்ந்திருக்கலாம்.

ஒரு ரூபா காசால வெடிப்பு ஓரமா தட்டிப் பாருங்க. பொக்குன்னு சத்தம் கேட்டா பூச்சு சுவரை விட்டுடுச்சு, கொத்திட்டுத்தான் மறுபடி பூசணும், மேலாக்க பட்டி (புட்டி) வச்சு மூட மட்டும் விட்டுடாதீங்க ப்ளீஸ். கை வைக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து காண்ட்ராக்டருக்கு வாட்ஸப்ல அனுப்பிடுங்க.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போறதா இருந்தா 2 வருஷத்துக்குள்ள போயிடணும், பணம் குடுத்ததுக்கு ரசீது இருக்கான்னு இன்னிக்கே தேடுங்க.