கடலைச் செடியோட வேர் நீளத்தை ஃப்ரீ சாஃப்ட்வேர்ல அளக்க முடியுமா? நம்பலாமா?

முடியும். நான் எம்எஸ்சி தீசிஸுக்கு அப்படித்தான் அளந்தேன், காரைக்குடி பக்கம் எங்க ஊர்லயே 4 இஞ்ச் பிவிசி பைப்பை 3 அடிக்கு வெட்டி நம்ம செம்மண்ணை ரொப்பி மானாவாரி கடலை போட்டு. வேர் படத்தை அளக்குற சாஃப்ட்வேர்ல விண்ரைசோ எல்லாம் காசு கொடுத்து வாங்கணும், ரைசோவிஷன் எக்ஸ்ப்ளோரர் முழுசா ஃப்ரீ, விண்டோஸ்ல ஓடும், நீளம் தடிமன் எல்லாம் எக்செல்ல திறக்குற சிஎஸ்வி ஃபைலா கொடுத்துரும். ஆனா நம்பலாமாங்கிறது சாஃப்ட்வேர் கையில இல்ல, நீங்க வேரை எப்படி கழுவுறீங்க எப்படி ஸ்கேன் பண்றீங்கங்கிறதுலதான் இருக்கு.

கழுவுறதுல நான் முதல்ல நாலு செடியை வீணாக்கிட்டேன். நம்ம மண்ணுல சரளை ஜாஸ்தி, வாளியில போட்டு கையால அலசுனா சரளைக் கல்லே சல்லிவேரை அறுத்துரும். வீட்டு வளவுல உக்காந்து கழுவிட்டு இருந்தப்ப அப்பத்தா பாத்துட்டு "ஏத்தா, இப்படி போட்டு கசக்குனா வேரு நிக்குமா, அரிசி அரிக்கிற மாதிரி அரிச்சு எடு"ன்னு சொல்லி அரிக்கஞ்சட்டியை எடுத்துட்டு வந்தாங்க. ராத்திரி முழுக்க மண்ணை தண்ணியில ஊறவச்சு, காலையில சட்டியில மெதுவா சுத்தி சுத்தி தண்ணியை சல்லடையில சாய்ச்சா கல்லு அடியில தங்கிரும், வேர் மிதந்து சல்லடைக்கு வந்துரும். தீசிஸ் முழுக்க அப்படித்தான் கழுவுனேன், அறுந்த துண்டு ஒண்ணைக்கூட விடல.

அடுத்தது ஸ்கேன். வேரை கண்ணாடி ட்ரேயில வேர் மூழ்குற அளவுக்கு மட்டும் தண்ணி ஊத்தி ஒண்ணு மேல ஒண்ணு படாம பிரிச்சு விடுங்க, ஸ்கேனர்ல 600 டிபிஐ (ஒரு இஞ்சுக்கு எத்தனை புள்ளிங்கிற கணக்கு) வைங்க. 300ல ஒரு பிக்சல் 0.085 மில்லிமீட்டர், அப்ப 0.2 மில்லிமீட்டர் சல்லிவேருக்கு ரெண்டு மூணு பிக்சல்தான் கிடைக்கும், தடிமன் கண்டபடி வரும். ஜேபெக்ல சேவ் பண்ணாதீங்க, பிஎன்ஜி இல்லன்னா டிஃப்.

இப்ப முக்கியமான விஷயம். வேரை வைக்கிறதுக்கு முன்னாடி, அளவு சரியா வருதான்னு பாக்க, மெல்லிசு கரண்ட் ஒயரை உரிச்சு உள்ள இருக்குற செம்புக் கம்பியில ஒரு இழையை சரியா 2 மீட்டர் அளந்து, துண்டு துண்டா வெட்டி அதே ட்ரேயில போட்டு ஸ்கேன் பண்ணுங்க. எனக்கு முதல் தடவை 3 மீட்டருக்கு மேல காட்டுச்சு! படத்தை பெருசாக்கி பாத்தாதான் தெரிஞ்சது, சாதா ஸ்கேனர்ல வெளிச்சம் ஒரு பக்கமா வர்றதால கம்பி பக்கத்துலயே நிழல் விழுந்து அதையும் இன்னொரு வேர்னு எண்ணியிருக்கு. மூடியை திறந்து ட்ரே மேல கறுப்புத் துணி போட்டேன், நிழல் போச்சு, படத்தை இன்வெர்ட் பண்ணிட்டு (கறுப்பை வெள்ளையா, வெள்ளையை கறுப்பா மாத்திட்டு) ஓட்டுனேன், 1.96 மீட்டர் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் நிம்மதியா செடிக்கு போனேன். துண்டு வேர்னா சாஃப்ட்வேர்ல புரோக்கன் ரூட்ஸ் மோடு வைங்க, டிபிஐ நம்பரை மறக்காம போடுங்க.

கடலைக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு, வேர் முடிச்சு. அதை அப்படியே விட்டா சாஃப்ட்வேர் தடிச்ச வேர்னு கணக்குல சேத்துரும், கையால கிள்ளி தனியா எண்ணி வச்சுக்கோங்க, அந்த எண்ணிக்கையும் தீசிஸுக்கு உதவும்.

இமேஜ்ஜேங்கிற ஃப்ரீ பட சாஃப்ட்வேர்லயும் பண்ணலாம், ஆனா ஸ்கெலிட்டனைஸ் பண்ணிட்டு (வேரை ஒரு பிக்சல் கோடா மெலிசாக்கிட்டு) வெறும் பிக்சலை எண்ணாதீங்க, சாய்வா போற வேர்ல 29% வரைக்கும் நீளம் குறைஞ்சு வரும், ஃபிஜியில (இமேஜ்ஜேயோட இன்னொரு வடிவம்) இருக்குற அனலைஸ் ஸ்கெலிட்டன் அதை சரியா பாத்துக்கும்.

ஸ்கேனரே இல்லையா, 1 சென்டிமீட்டர் கட்டம் போட்ட தாளை ட்ரேக்கு அடியில வச்சு வேர் எத்தனை இடத்துல நெடுக்குக் கோட்டையும் குறுக்குக் கோட்டையும் வெட்டுதுன்னு எண்ணி 11/14ஆல பெருக்குங்க, சென்டிமீட்டர்ல நீளம் வந்துரும். 1975ல டென்னன்ட்ங்கிற ஆராய்ச்சியாளர் சொன்ன கணக்கு இது. நானும் மூணு செடிக்கு இதையும் எண்ணி பாத்தேன், ஒரு செடிக்கு அரை நாள் ஆச்சு, சாஃப்ட்வேர் சொன்னதோட ஒத்துப்போச்சு.