படத்தை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: ஒரு புகைப்படத்தைக் கண்டால் 'நன்றாக இருக்கிறது' என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அதை ஆராய்ந்து பார்ப்பது எப்படி?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கருத்தைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, படத்துக்குள் இருப்பதை மட்டும் முதலில் எழுதிப் பாருங்கள். அமெரிக்கப் பெருமந்தக் காலத்தில் (1930களின் கடும் பொருளாதார வீழ்ச்சியின்போது), 1936இல், கலிபோர்னியாவின் நிபோமோவில் பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமொன்றில் டோரத்தியா லாங்கே எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தை எடுத்துக்கொள்வோம். தாயின் விரல்கள் கன்னத்தைத் தொட்டிருக்கின்றன. பார்வை நம்மைத் தாண்டி எங்கோ போகிறது. இருபுறமும் சாய்ந்திருக்கும் குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதால், நம் கண்ணுக்கு அவருடைய முகத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. வயலோ முகாமோ தெரியவில்லை. இப்படி எவை விடப்பட்டன என்று கேட்பதே, என் பார்வையில், ஆய்வின் உயிர்நாடி. அங்கேயே அவர் எடுத்த மற்றப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கூடாரம் முழுவதும் தெரிந்த தொலைவிலிருந்து இந்த நெருக்கத்துக்கு அவர் வந்திருப்பது புலப்படும். யாருக்காக எடுத்தார் என்பதும் முக்கியம்: கிராமப்புற வறுமையைப் பதிவுசெய்ய அரசு நிறுவனமொன்று அவரைப் பணியமர்த்தியிருந்தது. வலது கீழ் மூலையில் கூடாரக் கம்பைப் பற்றியிருந்த கட்டைவிரல், பின்னர் நெகட்டிவிலேயே மங்கலாக்கப்பட்டது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் கிடைக்கும் பெரிய படத்தில் அந்தத் தடத்தை நீங்களே தேடிப் பாருங்கள்.